காது செதுக்கிய வடிவம்

கெஃப் நிறுவனத்தின் எல்எஸ்50 ஸ்பீக்கரின் முதல் பதிப்பைக் கடையில் பார்த்தவர்களின் கண் முதலில் போய் நின்றது அதன் நடுவில் இருந்த செம்பொன் நிறக் கூம்பில். பளபளக்கும் கறுப்புப் பெட்டி, அதன் முகப்பில் ஒரே ஒரு வட்டம். துணி மூடி கிடையாது. உயரம் ஓர் அடிதான். ஹாலில் வைத்தால் ஒலிக்கருவி என்பதற்கு முன்னால் அழகுப் பொருளாகத்தான் கண்ணில் படும்.

இன்னொரு முறை பார்த்தால்தான் முகப்பு தட்டையாக இல்லை என்பது தெரியும். நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் மெல்லப் பின்வாங்கி வளைகிறது. விரலால் தடவிக்கொண்டே போனால் வளைவு எந்த இடத்தில் தொடங்கியது என்று சொல்வது கடினம். இந்த வளைவைக் கேட்டு வாங்கியது காது. கூம்பிலிருந்து கிளம்பும் ஒலி முகப்பின் மேல் பரவி ஓரத்துக்குப் போகிறது. அங்கே கூரான விளிம்பு இருந்தால் ஒலி சிதறும். சிதறிய துளி, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதத்தில் நம்மிடம் வந்து அசல் ஒலியோடு கலந்து அதைக் கலங்கடிக்கும். ஆர்சிஏ நிறுவனத்தின் ஒலியியலாளர் ஹாரி ஓல்சன் 1950களின் தொடக்கத்தில் கோளம், கனசதுரம், உருளை, கூம்பு என்று பல வடிவங்களில் பெட்டி செய்து அளந்து பார்த்தார். கோளத்தில் ஒலி சீராக வந்தது. கனசதுரத்தின் ஒரு முகத்து நடுவில் ஸ்பீக்கரை வைத்தபோது மேடும் பள்ளமுமாக வந்தது. அந்தப் பழைய பாடம்தான் இந்தச் சின்னப் பெட்டியின் முகத்தில் வளைவாக நிற்கிறது.

ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவர்களிடம் பொதுவாக இரண்டு கட்சி உண்டு. 'எப்படி இருந்தால் என்ன, சத்தம் நன்றாக இருக்க வேண்டும்' என்பது ஒன்று. 'ஹாலில் வைக்கப் போகிறோம், பார்க்க நன்றாக இருக்க வேண்டும்' என்பது இன்னொன்று. பல வீடுகளில் இந்த இரண்டு கட்சியும் ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். என் கட்சி மூன்றாவது. அழகாகத் தெரியும் ஒவ்வொன்றிடமும், 'நீ ஒலிக்கு என்ன செய்கிறாய்?' என்று கேட்க வேண்டும். நல்ல கருவியில் வளைவும் மரமும் நிறமும் துணியும் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும். பதில் தெரிந்தபின் பார்த்தால் அழகு இன்னும் கூடும்.

இப்படிக் கேட்பது ரசனைக்கு மட்டுமல்ல, தற்காப்புக்கும் வேண்டும். ஹர்மன் நிறுவனத்தில் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. அங்கே வேலை செய்த 40 பேரைக் கூட்டி, நான்கு ஸ்பீக்கர்களை முதலில் திரைக்குப் பின்னால் மறைத்தும் பிறகு கண்ணுக்குத் தெரிய வைத்தும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். திரைக்குப் பின்னால் நல்ல மதிப்பெண் வாங்கிய சின்ன, விலை குறைந்த தொகுதி ஒன்று, கண்ணுக்குத் தெரிந்தவுடன் கீழே இறங்கியது. பெரிய, கம்பீரமான பெட்டிகள் ஏறின. கேட்டவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. கண் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். கண்ணை விலக்க முடியாது என்றால் அதற்கும் கேட்கக் கற்றுக்கொடுப்பதுதான் வழி.

எல்எஸ்50இன் அந்த வட்டத்துக்கே திரும்பலாம். வழக்கமான ஸ்பீக்கரில் கீழே தாழ்ந்த ஒலிக்கு ஒரு வூஃபர், மேலே உயர்ந்த ஒலிக்கு ஒரு சின்ன ட்வீட்டர் என்று இரண்டு வட்டம் இருக்கும். இதில் ட்வீட்டர், கூம்பின் நடுக்குழியிலேயே குடியிருக்கிறது. நியோடிமியம் என்ற வலுவான காந்தம் கையில் கிடைத்தபின், ட்வீட்டரை அந்தக் குழிக்குள் அடங்கும் அளவுக்குச் சிறிதாக்க முடிந்தது. 1988இல் கெஃப் இதற்கு யூனி-க்யூ என்று பெயர் வைத்தது. பாடகியின் குரலில் அடிக்குரலும் மூச்சொலியும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. இந்த ஸ்பீக்கரிலும் அவை ஒரே புள்ளியிலிருந்து வருகின்றன. கூம்பின் சரிவே ட்வீட்டரின் ஒலியை வழிநடத்தும் குழாயாகவும் வேலை செய்கிறது. ட்வீட்டரின் முன்னால் மெல்லிய இதழ்கள் சுற்றிலும் விரிந்து நிற்பதைப் பார்க்கலாம். அவை ஒலியைப் பக்கவாட்டில் பரப்பித் தருகின்றன. நகைத்தொழில் நுணுக்கம் என்று தோன்றும் ஒவ்வொரு இழைக்கும் இப்படி ஒரு கடமை இருக்கிறது.

2020இல் வந்த எல்எஸ்50 மெட்டாவில் மிக அழகான பாகம் கண்ணுக்கே தெரியாது. ட்வீட்டரின் பின்னால், ஒன்றுக்குள் ஒன்று சுற்றிச் சுற்றிப் போகும் ஒடுக்கமான வழிகள் கொண்ட ஒரு சிறு வட்டத்தகடு இருக்கிறது. ஒவ்வொரு வழியும் ஒவ்வோர் அலைநீளத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ட்வீட்டரின் பின்புறமாகக் கிளம்பும் வேண்டாத ஒலியில் 99 விழுக்காட்டை அது உறிஞ்சிவிடுவதாக நிறுவனம் சொல்கிறது. பிரித்துப் பார்த்தால் ஒழிய யாரும் காணப் போவதில்லை என்று தெரிந்தே இவ்வளவு நேர்த்தியாக ஒன்றைச் செய்திருக்கிறார்கள்.

இந்த ஸ்பீக்கரின் பெயரிலேயே ஒரு முன்னோர் இருக்கிறார். 1970களின் முதற்பாதியில் பிபிசி தன் வெளிப்புற ஒளிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ. அதன் வூஃபரும் ட்வீட்டரும் கெஃப் செய்தவை. வேனுக்குள் இடமில்லை. பேச்சு பிசிறில்லாமல் கேட்க வேண்டும். அந்த நெருக்கடியில் பிறந்ததால் உயரம் 30 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அகலம் 19 சென்டிமீட்டர். முன்பக்கத் துணியைக் கழற்றினால் ட்வீட்டரைச் சுற்றிச் சதுரமாகத் தடித்த கம்பளிப் பட்டை ஒட்டியிருக்கும். பெட்டியின் ஓரம் முகப்பைவிட முன்னால் நீண்டிருப்பதால் அங்கே ஒலி பட்டுத் தெறிக்கும். அந்தத் தெறிப்பை விழுங்கத்தான் கம்பளி. முன்பக்கத் துணியையும் சேர்த்துத்தான் அதன் ஒலியை அளந்து அமைத்தார்கள். அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்பவர் வடிவமைத்த ஒலியைக் கேட்கவில்லை என்று பொருள். எல்எஸ்50இன் வளைந்த முகப்புக்கும் எல்எஸ்3/5ஏயின் கம்பளிப் பட்டைக்கும் காரணம் ஒன்றேதான். இரண்டும் விளிம்புச் சிதறலுக்கு எழுதப்பட்ட விடைகள்.

பெட்டியைக் கையால் சோதிக்க நமக்கு ஒரு பழைய வித்தை தெரியும். சந்தையில் பானை வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போம், கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. ஸ்பீக்கர் பெட்டியில் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். கணீரென்று பதில் வந்தால், படம் ஓடும்போதும் அந்தப் பெட்டி தன் குரலைச் சேர்த்துப் பாடும். 'தொப்' என்று குறுகி அடங்கினால் நல்லது. இதிலும் இரண்டு மரபு உண்டு. பெரும்பாலானவர்கள் எம்டிஎஃப் என்ற கனமான மரநார்ப் பலகையை உள்ளே குறுக்குச் சட்டங்களால் இறுக்கி அசைவில்லாமல் செய்வார்கள். பிபிசி மரபு வேறு. 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட்டை எடுத்து, உள்பக்கம் தார்த்தகடு ஒட்டி, அதிர்வைக் காது அதிகம் கவனிக்காத தாழ்ந்த சுருதிக்கு இறக்கிவிடும். ஹார்பெத் போன்ற ஆங்கிலேய நிறுவனங்கள் இன்றும் அந்த மெல்லிய சுவர் வழியைக் கைவிடவில்லை. குரலில் ஓர் இதம் அதில் உண்டு என்று அதன் ரசிகர்கள் உயிரை விடுவார்கள்.

மரத்தைப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நல்ல ஜோடி ஸ்பீக்கர்களை அருகருகே வைத்து, மேலே ஒட்டிய வெனீர் என்ற மெல்லிய மர ஏட்டின் ரேகைகளைப் பாருங்கள். ஒரே அடிமரத்தில் அடுத்தடுத்துச் சீவிய ஏடுகளை இரண்டு பெட்டிக்கும் எடுத்திருப்பார்கள். இடது பெட்டியில் ஓடும் வால்நட் ரேகையும் வலது பெட்டியில் ஓடும் ரேகையும் உடன்பிறப்புகளாக இருக்கும். அக்கறையான பட்டறைகளில் பலகையின் வெளிப்பக்கம் மட்டுமல்லாமல் உள்பக்கத்திலும் வெனீர் ஒட்டுவார்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் ஈரப்பதம் ஏறி இறங்கும்போது பலகை ஒரு பக்கமாக இழுபட்டு வளைந்துவிடும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. கூம்பை அதன் சட்டத்தோடு இணைக்கும் வளையத்தையும் அதே கண்ணோடு பாருங்கள். பஞ்சுபோன்ற ஃபோமில் செய்திருந்தால் ஈரக்காற்றில் சில வருடங்களில் பொடிந்து உதிரும். ரப்பர் நிற்கும். சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் ரப்பரே பொருத்தம்.

வடிவத்தில் துணிந்தவர்களும் உண்டு. இத்தாலியின் விசென்சாப் பக்கத்தில் ஃபிராங்கோ செர்ப்ளின் தொடங்கிய சோனுஸ் ஃபாபர், 1990களில் குவார்னேரி ஓமாஜ் என்ற ஸ்பீக்கரைச் செய்தது. கிரெமோனா ஊரின் வயலின் கைவினைஞர் பெயரைத் தாங்கிய அது, லூட் என்னும் தந்தி வாத்தியத்தின் உடலைக் கொண்டிருந்தது. மரப்பட்டிகளை ஒட்டி ஒட்டி வளைத்த பக்கங்கள், தோல் போர்த்திய முகப்பு, துணிக்குப் பதிலாக மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டிய மெல்லிய கறுப்பு நூல்கள். பக்கங்கள் வளைந்ததால் உள்ளே பக்கச் சுவர்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. சுவருக்குச் சுவர் மோதி நிலைத்து நிற்கும் அலைக்கு அங்கே இடம் குறைவு. தோல் முகப்பு சின்னச் சின்னத் தெறிப்புகளை அடக்குகிறது. நூல்களுக்கு நடுவே ஒலி ஏறக்குறைய தடையில்லாமல் வெளியேறுகிறது. வயலினின் நினைவு அதில் இருக்கிறது, வேலையும் நடக்கிறது.

அதே காலத்தில், 1993இல், இங்கிலாந்தின் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் நிறுவனத்துக்காக லாரன்ஸ் டிக்கி வடித்த நாட்டிலஸ் வேறு எல்லைக்குப் போனது. ஒவ்வொரு ஒலியுறுப்பின் பின்னாலும் ஒடுங்கிக்கொண்டே போகும் நீண்ட குழாய். பின்புறமாகப் போகும் ஒலி அந்தக் குழாயின் நுனிக்குள் தேய்ந்து மறைய வேண்டும் என்பது திட்டம். பேஸ் ஒலிக்கான குழாயை நேராக வைத்தால் அறை தாங்காது என்பதால் சங்காகச் சுருட்டினார்கள். சிற்பம் என்று அருங்காட்சியகத்தில் வைக்கத்தக்க அந்தச் சுருள் இடப் பற்றாக்குறையின் பிள்ளை. இதே நிறுவனம் 1970களிலிருந்து பயன்படுத்திய மஞ்சள் கெவ்லார் கூம்பு உலகம் முழுக்க அதன் அடையாளமாகிவிட்டது. மஞ்சளைக் கண்டாலே பெயர் சொல்லிவிடுவார்கள். அதிர்வை இன்னும் நன்றாக அடக்கும் வேறொரு நெசவைக் கண்டுபிடித்ததும், 2015இல் தன் உயர்ந்த வரிசையில் அந்த மஞ்சளை விட்டுவிட்டு வெள்ளி நிறத்துக்குப் போனது. நாற்பது வருடம் சேர்த்த முகத்தைக் காதுக்காகக் கொடுத்த அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

ஸ்பீக்கர் ஜோடியிலிருந்து ஹோம் தியேட்டருக்கு வரும்போது கண்ணும் காதும் மோதிக்கொள்ளும் முதல் இடம் சென்டர் ஸ்பீக்கர். வசனம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. டிவிக்குக் கீழே படுக்கை வாக்கில், நடுவில் ட்வீட்டர், இரு பக்கமும் ஒவ்வொரு வூஃபர் என்று சமச்சீராக இருப்பதைத்தான் கடைகளில் அதிகம் பார்ப்போம். பார்க்க லட்சணம். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். இரண்டு வூஃபர்களுக்கும் இடையே 30 சென்டிமீட்டர். சோபாவின் ஓரத்தில் பாட்டி உட்கார்ந்திருக்கிறார், நடுக்கோட்டிலிருந்து 30 பாகை விலகி. ஒரு வூஃபரின் ஒலி அவரை அடைய மற்றதைவிட 15 சென்டிமீட்டர் அதிகம் பயணிக்க வேண்டும். 1,150 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இந்த வித்தியாசம் சரியாக அரை அலைநீளம் ஆகிறது. ஒன்று ஏறும்போது மற்றது இறங்க, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பேச்சின் தெளிவு இருக்கும் பகுதி அது. 'என்ன சொன்னான்?' என்று பாட்டி கேட்டால் அவர் காதில் குறை இருக்க வேண்டும் என்பதில்லை.

இதற்கு விடை கண்டவர்கள் முகப்பை மாற்றினார்கள். இரு வூஃபர்களுக்கு நடுவே, ட்வீட்டருக்கு நேர் கீழே நடுத்தர ஒலிக்கென்று ஒரு சின்னக் கூம்பைச் செங்குத்தாக அடுக்கினார்கள். அல்லது யூனி-க்யூ மாதிரி ட்வீட்டரையும் கூம்பையும் ஒரே மையத்தில் வைத்தார்கள். கடையில் சென்டர் ஸ்பீக்கரின் துணியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தால் ஒரே பார்வையில் ஓர வரிசைக்காரர்களை நினைத்துச் செய்ததா என்று தெரிந்துவிடும். இடம் இருந்தால் இன்னும் நேரான வழி, முன்வரிசையில் ஒரே மாதிரி மூன்று ஸ்பீக்கர்களை வைப்பது. கார் இடமிருந்து வலமாகப் போகும்போது அதன் உறுமல் நிறம் மாறாமல் கூடவே போகும்.

சப்வூஃபர் விஷயத்தில் இயற்கையே நமக்குச் சலுகை தருகிறது. டிஎச்எக்ஸ் என்ற சினிமா ஒலித் தரத்தை உருவாக்கிய டாம்லின்சன் ஹோல்மன் சப்வூஃபருக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் எல்லையை 80 ஹெர்ட்ஸில் வைத்தார். அந்தச் சுருதியின் அலை 4.3 மீட்டர் நீளம். நம் இரண்டு காதுகளுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. அவ்வளவு நீண்ட அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் சொல்ல முடியாது. அதனால் அந்தக் கனத்த கறுப்புப் பெட்டியை டிவி பக்கத்தில் நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. சோபாவுக்குப் பக்கத்திலும் சுவர் ஓரத்திலும் வைக்கலாம். ஆனால் அறை அதைத் திருத்தி எழுதும். 14 அடி நீளமுள்ள ஹாலில் 40 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓர் அலை நிலைத்து நிற்கும். ஒரு நாற்காலியில் வெடிச்சத்தம் நெஞ்சை இடிக்கும், இன்னொன்றில் காணாமல் போகும். ஹர்மனின் டாட் வெல்டி 2002இல் காட்டியது இது: எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகளில் ஒவ்வொன்றாக இரண்டு சப்வூஃபர் வைத்தால் இந்த ஏற்ற இறக்கம் வெகுவாகச் சமப்படும். பெரிதாக ஒன்று வாங்குவதைவிடச் சிறிதாக இரண்டு வாங்குவது காதுக்கு நல்லது. இரண்டு சின்னப் பெட்டிகள் ஹாலின் சமச்சீருக்கும் பொருந்திப் போகும்.

அந்த ஹால்தான் எல்லாவற்றிலும் பெரிய கருவி. நம் வீடுகளில் தரை விட்ரிஃபைட் டைல்ஸ், சுவர் சிமெண்ட் பூச்சு, பக்கத்தில் கண்ணாடி ஜன்னல். நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டல் சுவருக்குச் சுவர் சலசலத்துவிட்டு அடங்கும். எந்த விலை ஸ்பீக்கராலும் அதன் மேல் வசனம் பேச முடியாது. ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு தடித்த கம்பளம், ஜன்னலில் மடிப்பு நிறைந்த கனத்த திரைச்சீலை, பக்கச் சுவரில் புத்தகங்கள் நெருங்கி நிற்கும் அலமாரி. இந்த மூன்றும் வந்தால் அதே கருவிகள் வேறு கருவிகளாகப் பேசும். நல்ல ஹாலுக்கு அழகும் இந்த மூன்றால்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஸ்பீக்கர்களை நிறுத்துவதிலும் அளவு உண்டு. இடது, வலது ஸ்பீக்கர்களும் உட்காரும் இடமும் சமபக்க முக்கோணமாக அமைவது சர்வதேசப் பரிந்துரை. 7 அடி விலகி உட்கார்ந்தால் ஸ்பீக்கர்களுக்கு நடுவே 7 அடி. 55 அங்குல டிவியின் அகலம் 4 அடி என்பதால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றரை அடி விட்டு ஸ்பீக்கரின் நடுக்கோடு வரும். படத்துக்கும் பெட்டிக்கும் இடையே வெற்றுச் சுவர் கொஞ்சம் மூச்சு விடும். டிவி யூனிட்டின் அறைக்குள் ஸ்பீக்கரை ஆழமாகத் தள்ளிவைக்காதீர்கள். பலகையின் முன் விளிம்போடு பெட்டியின் முகப்பு சமமாக வர வேண்டும். பின்வாங்கினால் நாம் மேலே பார்த்த விளிம்புச் சிதறலைக் காசு கொடுக்காமலே வாங்கிக்கொள்கிறோம். திரைக்கு ஒட்டினாற்போல் நிற்கும் பெட்டிக்குப் பளபளப்பைவிட மங்கல் பூச்சு நல்லது. இருட்டில் படம் பார்க்கும்போது பளபளப்பான கறுப்பில் திரையின் வெளிச்சம் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

ஆம்ப், ரிசீவர் வகையில் கண்ணுக்கு விருந்து அதிகம். மாரன்ட்ஸ் 1960இல் செய்த மாடல் 9 ஆம்ப்பின் நெற்றியில் வட்டமாக ஒரு மீட்டர் இருந்தது. இன்று அந்த நிறுவனத்தின் ஹோம் தியேட்டர் ரிசீவர்களில் அந்த வட்டம் கப்பல் ஜன்னலாகத் திரும்பி வந்திருக்கிறது. வால்யூம் எத்தனை என்று மட்டும் அமைதியாகச் சொல்லும், மற்ற எழுத்தும் பொத்தானும் கீழே ஒரு மூடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் செய்யப்படும் மெக்கின்டோஷ் கருவிகளின் நீல மீட்டர்கள் இன்னும் பேர்போனவை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நீல ஒளி, அதில் ஒரு முள். அந்த முள் ஒரு பாடமும் நடத்தும். சாதாரண வசனத்துக்கு ஒரு வாட் பக்கத்தில் நிற்கும். வசனத்தைவிட 20 டெசிபெல் உயர்ந்த வெடிச்சத்தம் வந்தால் நூறு மடங்கு வேண்டும், முள் 100 வாட்டுக்குப் பாயும். ஆம்ப்பின் கனம் எதற்கு என்று அப்போது புரியும். கனம் இருக்கும் இடத்தில் சூடும் இருக்கும். மேல்தகட்டின் துளைகள் அதற்குத்தான். கதவு போட்ட அலமாரிக்குள் ரிசீவரை அடைத்தால், நம் ஊர் வெயிலில் அதன் ஆயுளைக் குறைக்கிறோம்.

பணத்தை எங்கே வைப்பது என்பதையும் இதே கண்ணோடு பார்க்கலாம். ரிசீவர் காலத்தோடு ஓடும் பொருள். ஹோம் தியேட்டருக்கு டால்பி அட்மோஸ் 2014இல் வந்தது, எச்டிஎம்ஐ பதிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கின்றன, பழையவை ஒதுங்குகின்றன. ஸ்பீக்கருக்கு அந்த ஓட்டம் கிடையாது. அரை நூற்றாண்டுக்கு முன் வேனுக்காகச் செய்த அந்த எல்எஸ்3/5ஏயை இன்றும் தேடி வாங்குகிறார்கள், புதிதாகவும் செய்கிறார்கள். ஆகவே ரிசீவரில் தேவைக்கு நின்றுகொண்டு ஸ்பீக்கரில் ஆசைக்குப் போவது சரியான பங்கீடு. நன்கு பழகிய ஒரு பாட்டையும், வசனம் நிறைந்த ஒரு காட்சியையும் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். முதலில் கண்ணை மூடிக் கேட்டு இரண்டைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கண்ணைத் திறந்து, அந்த இரண்டில் எதன் வளைவும் மரமும் துணியும் தங்கள் காரணத்தைச் சொல்கின்றனவோ அதை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். இருபது வருடம் உங்கள் ஹாலில் நிற்கப் போவது அதுதான்.